கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வேலை, ஃபோன், ஊர் என்று இந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வந்தன. அதனால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் மேனேஜரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்" என்று ஒருவர் தனியாக அடிக்குறிப்பே எழுதியிருந்தார். சரி, யார் பெயரும் இல்லை. மேனேஜருக்கு வணக்கம்.

கேள்வி: இரவு பத்தரை மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் ஒரு வேலையைப் போடுகிறார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு கேள்விக்குறி. பார்க்காமலே இருந்தால் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா? (நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்)

பதில்: சில நாடுகளில் உண்டு. பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு ஃபோன், மின்னஞ்சல் விஷயத்தில் என்ன நடைமுறை என்று ஊழியர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை முடிந்த பிறகு வரும் அழைப்பைப் பார்க்கவோ பதில் சொல்லவோ ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு அநியாயமானதாக இல்லாத வரை. எனக்குப் பிடித்தது போர்ச்சுகல் 2021 கடைசியில் செய்தது. மற்ற இடங்களில் 'பதில் சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு' என்கிறார்கள், அதாவது பத்தரை மணிக்கு மேனேஜரை எதிர்த்து நிற்கும் வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது. போர்ச்சுகலில் அதைத் திருப்பிப் போட்டார்கள்: அவசர நிலை தவிர, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்டு வாங்கும் தைரியத்தை நீயே வீட்டிலிருந்து கொண்டுவா என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்றால், தனியாகப் போய் மோதாதீர்கள். குரூப்பில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, பகல் வேளையில், சிரித்த முகத்தோடு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நிஜமாகவே அவசரம் என்றால் ஃபோன் போடுங்கள், மெசேஜ் என்றால் காலையில் பார்க்கிறோம், சரியா?" ஃபோன் போடுவது கொஞ்சம் கூச்சமான காரியம். அந்தக் கூச்சமே பாதி அவசரங்களை வடிகட்டிவிடும். இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்தரை மணி மெசேஜுக்குப் பத்து முப்பத்தொன்றுக்குக் கட்டைவிரல் காட்டும் ஒரு ஆள் எல்லாக் குரூப்பிலும் இருப்பார், மேனேஜருக்குத் துணிச்சல் வருவது அவரால்தான். அது நீங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் இருக்கிறது, என்றைக்காவது ஓவர்டைம் பற்றிப் பேச்சு வந்தால் அதுதான் உங்கள் வருகைப் பதிவேடு.

கேள்வி: வாரம் எழுபது மணி நேரம் உழைத்தால்தான் முன்னேற முடியும் என்று பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். எட்டு மணி நேரம் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்? (கணக்குப் போட்டுப் பார்ப்பவர்)

பதில்: எதை வைத்து என்றால், ஒரு நாளை மூன்றாக வகுத்து. வேலைக்கு எட்டு, தூக்கத்துக்கு எட்டு, தனக்கு எட்டு. இந்தக் கோஷத்தை 1817 வாக்கிலேயே எழுப்பிய ராபர்ட் ஓவன் ஒரு தொழிலாளி இல்லை, ஸ்காட்லாந்தில் பஞ்சாலை நடத்திய முதலாளி. சொன்னவுடன் யாரும் கொடுத்துவிடவில்லை. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்னில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடம் வரை நடந்து போனார்கள், சம்பளம் குறையாமல் எட்டு மணி நேரத்தை வாங்கியும் விட்டார்கள். முப்பது வருடம் கழித்து அமெரிக்காவில் அதே கோரிக்கைக்கு 1886 மே 1 வேலைநிறுத்தம், மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட்டில் குண்டு, யார் எறிந்தது என்று கடைசி வரை நிரூபிக்காமலே அடுத்த வருடம் நான்கு பேருக்குத் தூக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் பிறந்ததும் போட்ட முதல் உடன்படிக்கையே இதுதான்: ஆலைத் தொழிலில் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு. ஆக ஓவன் சொன்னதிலிருந்து ஒரு உலக விதியாக ஏட்டில் ஏறுவதற்கு நூறு வருடம் ஆகியிருக்கிறது.

சரி, எழுபதைக் கணக்குப் போடுவோம். ஆறு நாள் வேலை என்றால் நாளுக்குப் பதினொன்றே முக்கால் மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. போகவர இரண்டு மணி நேரம், தூக்கம் ஏழு. மிச்சம் மூன்று மணி இருபது நிமிடம். குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது, பிள்ளையின் வீட்டுப்பாடம், அம்மாவுக்கு ஃபோன், எல்லாம் அதற்குள். எழுபது மணி நேரம் உழைத்தேன் என்று மேடையில் சொல்கிற ஆளின் வீட்டில் இந்த வேலையெல்லாம் யார் செய்தார், அவருக்கு என்ன சம்பளம் என்று யாராவது கேட்க வேண்டும்.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் சாகும் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல். 2016 ஒரு வருடத்தில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் வந்த இந்த இரண்டு நோய்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,45,000 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. சீனாவின் மென்பொருள் பணியாளர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் என்கிற வழக்கத்துக்கு அங்கே '996' என்று பெயர். 2019இல் சிலர் கிட்ஹப்பில், ப்ரோகிராமர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைப் போட்டு வைக்கும் அதே இணையதளத்தில், '996.ஐசியு' என்று ஒரு பக்கம் திறந்தார்கள். 996 வேலை செய்தால் அடுத்து ஐசியுதான் என்று அர்த்தம். இரண்டே வருடத்தில், 2021 ஆகஸ்டில், அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே 996 சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. அதற்காக எல்லாரும் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: வாரம் நாலு நாள் வேலை நடக்கிற காரியமா?

பதில்: ஐஸ்லாந்தில் நடந்துவிட்டதே என்று உடனே யாராவது லிங்க் அனுப்புவார்கள். 2015 முதல் 2019 வரை அங்கே பொதுத்துறையில் 2,500 பேர் அளவுக்கு வைத்துப் பரிசோதித்தது உண்மை, சம்பளம் குறையவில்லை, வேலையும் கெடவில்லை. ஆனால் குறைத்தது வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான், நாற்பது முப்பத்தைந்து, முப்பத்தாறு ஆனது. 'நாலு நாள்' என்பது தலைப்புப் போட்டவர்கள் கைவண்ணம். எனக்கு அந்த நாலைந்து மணி நேரமே போதும், யாராவது கொடுத்தால்.

கேள்வி: மூன்று வருடமாக டெலிவரி வேலை. கம்பெனி எங்களைத் தொழிலாளி என்று சொல்வதே இல்லை, 'பார்ட்னர்' என்கிறது. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு வர வேண்டாமா? போன வாரம் காரணம் சொல்லாமல் என் ஐடியை முடக்கிவிட்டார்கள். ஃபோன் போட்டால் மெஷின் பேசுகிறது. (ஹெல்மெட்டுக்குள் வேர்ப்பவர்)

பதில்: உங்கள் முதல் கேள்வியைத்தான் கொஞ்சம் நீட்டி முழக்கி இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் கேட்டது. 2021 பிப்ரவரி 19 தீர்ப்பு. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, நடப்பது என்ன என்று பார்த்தார்கள். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்? கம்பெனி. ஒப்பந்த வரிகளை யார் எழுதுகிறார்? கம்பெனி. சவாரிகளைத் தொடர்ந்து மறுத்தால் என்ன ஆகும்? ஆப்பை விட்டு வெளியே தள்ளும். ரேட்டிங் குறைந்தால்? கணக்கே போய்விடும். பயணியோடு நேரடியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளலாமா? கூடாது. விலையும் வைக்க முடியாது, வாடிக்கையாளரையும் வைத்துக்கொள்ள முடியாது என்றால் இது என்ன சொந்தத் தொழில்? அந்த ஓட்டுநர்கள் தொழிலாளர்கள்தான், குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு, ஆப்பில் லாகின் செய்து சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பு வந்தது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நாளில் பாதி அதில்தான் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில், ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று சொல்லக் கூடாது என்பதற்காகவே கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் பிரசாரத்தில் கொட்டி மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தன. (அவ்வளவு பணம் 'பார்ட்னர்' என்கிற ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்கு. அந்தச் சொல் அவர்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) ஸ்பெயின் 2021இல் டெலிவரி ஆட்கள் ஊழியர்களே என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு என்று சட்டம் போட்டது, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அல்காரிதம் எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்லவும் சொன்னது. இந்தியாவில் ராஜஸ்தான் 2023இல் இந்த வேலைக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தது. உங்கள் ஐடி விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 உத்தரவு: ஒரு ஆளின் கணக்கை முடக்குவது, நீக்குவது போன்ற முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், மெஷின் எடுக்கக் கூடாது. உறுப்பு நாடுகள் இதை 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அது ஐரோப்பா, நான் இங்கே நிற்கிறேன் என்பீர்கள். சரி, இப்போது செய்ய வேண்டியது: ஆப்பில் இன்னும் உள்ளே போக முடிந்தால் வருமான விவரம், ரேட்டிங், கடைசி ஒரு மாத ஆர்டர் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முழுசாகப் பூட்டிவிட்டால் அதுவும் கிடைக்காது. முடியாவிட்டால் வங்கிக் கணக்கில் வந்த தொகைகள் இருக்கின்றன. காரணம் கேட்டும், ஒரு மனிதர் பார்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். தேதி போட்ட மின்னஞ்சலுக்கு இருக்கும் மரியாதை மெஷினோடு பேசிய நாற்பது நிமிடத்துக்குக் கிடையாது. பிறகு உங்களைப் போல முடக்கப்பட்ட இன்னும் நாலு பேரைத் தேடுங்கள். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி பத்துப் பேருக்கு நடந்திருந்தால், அது உங்கள் தவறு இல்லை, கம்பெனியின் ஏதோ ஒரு கணக்கு என்று தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 2022 ஜனவரி முதல், ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி ஆட்களுக்கு உணவகங்கள் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று நகரச் சட்டம் இருக்கிறது. இதற்கெல்லாமா சட்டம் என்று சிரித்தவர்கள் ஒரு நாள் முழுக்கத் தெருவில் வேலை செய்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

கேள்வி: துணிக்கடையில் விற்பனைப் பெண். பத்து மணி நேரம் நின்றபடி. ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்தால்கூட கேமராவில் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டிருக்கிறது. (நின்றுகொண்டே எழுதுபவள்)

பதில்: உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிற நம்பிக்கை ரொம்பப் பழையது. அதை எதிர்த்த சட்டமும் பழையதே. பிரிட்டனில் 1899இல், கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதே போராட்டம் கேரளத்தில் நடந்தது. கடைப் பெண்கள் கேட்டு வாங்கிய உட்காரும் உரிமை அங்கே 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும் சட்டமானது. இருக்கை போடுவது கடைக்காரர் பொறுப்பு, வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். ஆகவே இந்தச் சட்டம் இருக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், கேமராவில் கூப்பிட்டுக் கேட்பதற்குத்தான் சட்டம் இல்லை. ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அவர் சோம்பேறி. ஆளில்லாத நேரத்தில் முறை வைத்து எல்லாரும் உட்கார்ந்தால் அது கடையின் வழக்கம். அப்படி ஆரம்பித்துப் பாருங்கள். நாற்காலியே இல்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுதும் கடிதத்தில் சங்கத்தின் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயர் வேண்டாம். காலை உடனே டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: உலகிலேயே வாழத் தகுந்த நகரம் என்று வருடா வருடம் பட்டியல் போடுகிறார்களே, அதை நம்பலாமா? நல்ல ஊர் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்?

பதில்: அந்தப் பட்டியல்களில் பிரபலமான ஒன்று, வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்குக் கம்பெனிகள் கஷ்டமான ஊர் என்பதற்காக எவ்வளவு கூடுதல் படி கொடுக்கலாம் என்று பார்ப்பதற்கும் பயன்படுகிறது. கார், கம்பெனி வீடு, பிள்ளைக்கு சர்வதேசப் பள்ளி எல்லாம் கிடைத்த ஒருவருக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதுதான் அதில் முக்கியம். அதே ஊரில் அந்த அதிகாரியின் மாடிப்படியைத் துடைப்பவர் எங்கிருந்து வருகிறார், எத்தனை பஸ் மாறுகிறார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பட்டியலில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் முதலிடம் வந்தது. அந்த இடம் நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் என் காரணம் வேறு. அங்கே பாதிப் பேர் அளவுக்கு நகராட்சி வீட்டிலோ அரசு உதவியோடு கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள். 1927 முதல் 1930 வரை தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய ஒரு குடியிருப்பு, கார்ல் மார்க்ஸ் ஹோஃப், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இன்றைக்கும் அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வேலை செய்கிற ஊரிலேயே குடியிருக்க முடிவது முதல் தகுதி. மற்றதெல்லாம் பிறகு.

பிறகு வருவதில் எனக்கு முக்கியம் தெரு. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960களின் கடைசியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டி, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒரு ஆளுக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள். வண்டி அதிகமான தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9. 'உங்கள் இடம்' எது என்று வரைந்து காட்டச் சொன்னால் முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வரைந்தார்கள், மூன்றாம் தெருக்காரர்கள் வீட்டுக் கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாத காலமாகிவிட்டதே என்று பெருமூச்சு விடுகிறோம், அதில் சாலைப் பொறியாளருக்கும் பங்கு உண்டு என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட்டின் கதை இன்னும் வேடிக்கை. நியூயார்க்கில் கட்டட முதலாளிகள் கட்டடத்துக்கு முன்னால் கொஞ்சம் பொது இடம் விட்டால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று 1961இல் ஒரு விதி. இடம் விட்டார்கள், ஆள்தான் வரவில்லை. எழுபதுகளில் வைட் கேமராவை வைத்து நாள் கணக்கில் பார்த்தார். வெயிலா, அளவா, வடிவமா என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியில் வந்து நின்ற முடிவு, ஜனங்கள் உட்கார இடம் இருக்கும் இடத்தில் உட்காருகிறார்கள் என்பது. இதற்கு ஆராய்ச்சியா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் பெஞ்சுக்கு நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்து, திண்டில் கூர்முனை பதித்து, யாரும் சாயவோ படுக்கவோ கூடாது என்று செலவு செய்து ஊரைக் கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணிக்கடையில் நாற்காலியை எடுத்த அதே மூளைதான் இதுவும்.

வியன்னாவிலிருந்தே இன்னொன்று. பத்து வயது நெருங்கியதும் பெண் குழந்தைகள் பூங்காவிலிருந்து காணாமல் போகிறார்கள், பையன்கள் அப்படியே இருக்கிறார்கள் என்று 1990களில் அங்கே கவனித்தார்கள். பெரிய மைதானத்தை ஒரே பந்து ஆட்டம் பிடித்துக்கொள்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடைபாதை போட்டு, வேறு ஆட்டங்களுக்கும் இடம் விட்டதும் பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆகவே உங்கள் ஊர் நல்ல ஊரா என்று தெரிய வேண்டுமானால் பட்டியலைத் தேட வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவில் யாரெல்லாம் இல்லை என்று எண்ணுங்கள்.

கேள்வி: '15 நிமிட நகரம்' என்பது மக்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் திட்டம் என்று குடும்ப குரூப்பில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். உண்மையா?

பதில்: சித்தப்பாவுக்கு என் அன்பு. 2016இல் பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ முன்வைத்த யோசனை அது: பள்ளி, கடை, மருத்துவர், பூங்கா, முடிந்தால் வேலையும், நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் எட்டும்படி ஊர் இருக்கட்டும். 2020இல் பாரிஸ் மேயர் ஆன் ஹிதால்கோ தன் தேர்தல் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டதும் பிரபலமானது. இதில் சிறை எங்கிருந்து வந்தது? ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து. அங்கே நெரிசலைக் குறைக்க, சில சாலைகளில் சில நேரங்களில் கார்கள் அனுமதி இல்லாமல் போக முடியாது, சுற்றுப்பாதையில் போகலாம் என்று ஒரு திட்டம். அதே ஊரில் நகர மன்றத்தின் தனித் திட்டத் தாளில் 15 நிமிட அக்கம்பக்கம் என்கிற யோசனை. இரண்டையும் யாரோ இணையத்தில் சேர்த்து ஒட்டினார்கள், 'பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக அனுமதி வேண்டும்' என்று மூன்றாவது ஒன்று பிறந்தது. 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இறங்கினார்கள். மொரேனோவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, கடைக்கு நடந்து போகலாம் என்று சொன்ன பாவத்துக்கு.

வதந்தி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது, இரண்டு நிஜத்துக்கு நடுவில் கொஞ்சம் பசை. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த ஞாபகம் ஆறாமல் இருந்ததால் பசை நன்றாகப் பிடித்தது. சித்தப்பாவிடம் குரூப்பில் வாதாட வேண்டாம், நாலு பேர் முன்னால் யாரும் மனதை மாற்றிக்கொள்வதில்லை. தனியாக ஃபோன் போட்டு, "உங்க வீட்டுல இருந்து மருந்துக்கடைக்கு நடந்து போக முடியுமா சித்தப்பா?" என்று மட்டும் கேளுங்கள்.

எனக்கு இந்த யோசனையில் இருக்கும் சந்தேகம் வேறு. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் கிடைக்கும் பகுதியில் வாடகை ஏறும். அங்கே கடையில் நிற்பவரும் தெரு கூட்டுபவரும் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்து வருவார்கள். ஒருவரின் பதினைந்து நிமிடத்தை இன்னொருவரின் மூன்று மணி நேரம் தாங்கிப் பிடிக்கும். வீடியோ எடுக்கிறவர்கள் இதை எடுத்தால் நானே ஃபார்வர்டு செய்வேன்.

கேள்வி: முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் சண்டை போடுவதை நிறுத்த முடியவில்லை. தூக்கம் கெடுகிறது. (முகமூடி மாட்டியவர்)

பதில்: உங்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு சொல்லில் வல்லெழுத்து மிகுமா மிகாதா என்று யாரென்றே தெரியாத ஒருவரோடு ராத்திரி இரண்டு மணி வரை மோதியவன் நான். (மிகாது. இப்போதும் சொல்கிறேன்.) குணத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள், கருவியும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ட்விட்டருக்கு ரீட்வீட் பொத்தானைக் கட்டிய கிறிஸ் வெதரல், பத்து வருடம் கழித்து 2019இல், நாலு வயதுப் பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டது போல இருந்தது என்று வருத்தப்பட்டார். முடிவே இல்லாமல் கீழே ஓடும் ஸ்க்ரோலை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினும் பின்னால் வருத்தப்பட்டவரே. நம்மைக் கோபப்படுத்துவது இந்தக் கம்பெனிகளுக்கு நாம் அங்கே செலவிடும் நேரமாகிறது, நேரம் விளம்பரமாகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது சம்பளத்துக்கு வேலை செய்யும் பக்கம். நாம் எழுதும் வசவுகளையும் யாரோ ஏற்றும் கொடூர வீடியோக்களையும் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து நீக்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலையால் மனம் உடைந்துபோன அமெரிக்கப் பணியாளர்களின் வழக்கில் ஃபேஸ்புக் 2020இல் 5.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதிலும் பெரும்பாலோர் நேரடி ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனிகளின் ஆட்கள். சண்டைக்குப் போகும்போது எதிராளியை மட்டும் நினைக்காதீர்கள், அதைப் புகார் என்று அழுத்தினால் ஷிப்டில் உட்கார்ந்து படிக்கப் போகிற அந்த மூன்றாவது ஆளையும் நினையுங்கள். எனக்கு அது கொஞ்சம் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது.

கேள்வி: சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் எட்டுப் பேர் ரகசியமாக ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். ஒரே வேலை, ஒன்றரை மடங்கு வித்தியாசம். நாங்கள் செய்தது தவறா?

பதில்: தவறு அந்த ஷீட்டில் தெரிந்த எண்ணில் இருக்கிறது. அமெரிக்காவில் 1935ஆம் வருடச் சட்டமே, தனியார் ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் சம்பளத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசுவதைப் பாதுகாக்கிறது, ஆனாலும் பேசக் கூடாது என்று சொல்லும் கம்பெனிகள் குறையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட உத்தரவு இன்னும் நேரானது: வாயைக் கட்டும் ஒப்பந்த வரி செல்லாது, வேலைக்கு எடுக்கும்போது பழைய சம்பளம் என்ன என்றும் கேட்கக் கூடாது. உங்கள் இடத்தில் அந்தக் கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். அதுவரை ஷீட்டை அலுவலகக் கணக்கில் வைக்காதீர்கள். எட்டுப் பேரில் அதிகம் வாங்குபவரை யாரும் முறைக்கவும் வேண்டாம், அவர் உங்கள் பணத்தை எடுக்கவில்லை, பாவம் அவரும் அந்த ஷீட்டில் எழுதியிருக்கிறார் பாருங்கள்.

கேள்வி: லைக் போடுவதும் போராட்டமா?

பதில்: இல்லை. ஆனால் போராட்டத்துக்கு எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்பது இப்போதெல்லாம் அங்கேதான் தெரிகிறது.

கேள்வி: இந்தப் பக்கத்தை நீங்கள் எப்போது எழுதுவீர்கள்? (சும்மா தெரிந்துகொள்ள)

பதில்: மாட்டிவிட்டீர்கள். இரவு பதினொன்றுக்கு மேல். எழுதி முடித்த கையோடு உதவி ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், அவரும் ஒரு நிமிடத்துக்குள் கட்டைவிரல் காட்டிவிடுவார். எவ்வளவு சுறுசுறுப்பான ஆள் என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இப்போது மணி பதினொன்றே முக்கால். காலையில் அனுப்புகிறேன், அச்சுக்குத் தாமதமானால் திட்டு எனக்கு வரட்டும்.